மூன்று படுக்கைகளும் ஓர் ஏணியும்



சென்ற இரண்டு வாரங்கள் இப்பக்கத்தில் தியானம் வெளிவரவில்லை. நலம் விசாரித்து எழுதிய அனைவருக்கும் நன்றி. எனக்கு உடல்நலக் குறைவு ஒன்றும் இல்லை, கடலில் இருந்தேன். போதகன் ஒருவன் உல்லாசக் கப்பலில் போய்வந்தேன் என்று எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிக்கும் என் அத்தான் பணி ஓய்வு பெற்றார். அதையொட்டி உடன்பிறந்தார் மூவரும் அம்மாவோடு சில நாட்களாவது ஒன்றாக இருக்கவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டு, செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் தொட்டு, மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுப் பயணம். என் மனைவிக்குப் பள்ளியில் தேர்வுக் காலம். தம்பி மனைவிக்கும் விடுப்பு அமையவில்லை. ஆகவே அக்கா, அத்தான், அவர்கள் மகள் மூவரும் ஓர் அறை. அம்மா, நான், தம்பி மூவரும் அடுத்த அறை.

அம்மாவுக்கு 82 வயது. மகளோடு தங்குவதுதானே முறை, அத்தானை எங்களோடு அனுப்பலாமே என்று நான் தொலைபேசியில் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார்கள். "நான் சின்னவனோடயே இருந்துக்கிடுதேன்" என்றார்கள். அம்மா ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் தம்பி வீட்டில்தான் இருக்கிறார்கள். பழகிய இடத்துப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். மனத்தின் ஓரத்தில் சிறிது வருத்தமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

எனக்கும் தம்பிக்கும் மூன்று ஆண்டுகளாகச் சரியான பேச்சில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஒரு வாழ்த்து, ஈஸ்டர் அன்று ஒரு வாழ்த்து, அவ்வளவே. அப்பா கட்டிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுவிடலாம் என்றான் தம்பி. கூடாது என்றேன் நான். உறவினர் திருமண வீடு ஒன்றில், பந்தி முடிந்து பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், "அம்மா உயிரோடு இருக்கும்போதே பணமாக்கத் துடிக்கிறாயே" என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து போய்விட்டான். பிரசங்கபீடத்தில் நின்று ஒப்புரவாகுதலைப் பற்றி எத்தனை செய்திகள் கொடுத்திருப்பேன்! அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற எனக்கு மூன்று ஆண்டுகளாக நாவு எழவில்லை. எங்களை ஓர் அறையில் போட்டது அக்காவின் திட்டம் என்பதைக் கப்பல் ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த அறையை நீங்கள் பார்க்கவேண்டும். விளம்பரப் படங்களில் கப்பல் ஒரு நகரம்போல் தெரியும். நீச்சல்குளம், நாடக அரங்கு, பத்துப் பன்னிரண்டு தளங்கள். படுத்துறங்கும் கேபினோ வேறு கதை. எங்களுடையது கப்பலின் நடுப்பகுதியில் அமைந்த உட்புற அறை, சன்னல் கிடையாது. குளியலறையையும் சேர்த்துச் சுமார் 160 சதுர அடி இருக்கும். சுவரோரம் இருபுறமும் ஒவ்வொரு கட்டில், நடுவே ஒருவர் மட்டும் நிற்கத்தக்க இடைவெளி. மூன்றாவது படுக்கை சுவரோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். மாலையில் அறைப் பணியாளர் வந்து அதைக் கீழே இறக்கி, விரித்து, ஏணியை மாட்டிவிட்டுப் போவார். காலையில் மீண்டும் மடித்துவிடுவார். நெல்லை எக்ஸ்பிரஸின் மேல் பெர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மெத்தை சற்று நன்றாக இருக்கும், ஏணி சற்று அதிகமாக ஆடும்.

பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். வேறு இடமே இல்லை. கைபேசிகள் மூன்று, மின்னேற்ற இரண்டே பிளக். ஒருவர் சட்டை மாற்றவேண்டுமென்றால் மற்ற இருவரும் கட்டிலில் கால்களை மடக்கி ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். கப்பற்பயணம் பலமுறை போய்ப் பழகிய அக்கா, காந்தக் கொக்கிகள் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பலின் அறைச் சுவர்கள் இரும்புத் தகடுகளால் ஆனவை. கொக்கியை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. அம்மாவின் கைப்பை, என் வேதாகமம் இருந்த துணிப்பை, தம்பியின் மருந்துப்பை எல்லாம் சுவரில் தொங்கின. தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பலின் முகப்புக் காமிரா காட்டும் கடலை மட்டுமே நாள் முழுதும் காட்டியது. "இதுதான் நம்ம சன்னல்" என்று சொல்லி அம்மா அதை அணைக்கவிடவில்லை.

கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தண்ணீரை ஊற்றிக் கழுவும் ஏற்பாடு அல்ல அது, காற்றழுத்தத்தால் இழுத்துக்கொள்வது. பொத்தானை அழுத்தினால் லாரி டயர் வெடித்ததுபோல் ஓர் ஓசை எழும். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதன் வாசற்படியோ தரையைவிட உயர்ந்தது. உள்ளே தேங்கும் நீர் அறைக்குள் வராதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். காலைத் தூக்கி வைக்காவிட்டால் இடறும்.

கப்பல் புறப்படுமுன் ஆபத்துக்கால ஒத்திகை ஒன்று உண்டு. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் உலக நாடுகள் கூடிக் கடற்பாதுகாப்புக்கு உடன்படிக்கை ஒன்றை உருவாக்கின. 2012-இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பின்னர் விதிகள் மேலும் இறுகின. ஏழு குறுகிய ஊதல்களும் ஒரு நீண்ட ஊதலும் ஒலித்தால் அவரவர்க்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். நாங்கள் கூடவேண்டிய இடம் அறைக்கதவின் உட்புறத்தில் எழுதியிருந்தது. மூவருக்கும் ஒரே இடம். மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத சகோதரர் இருவரைக் கப்பல் நிர்வாகம் ஒரே உயிர்ப்படகுக்கு அனுப்புகிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. அவன் அலமாரியைத் திறந்து, அம்மாவின் உயிர்காப்பு உடை எது, அதன் வார் எப்படி மாட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முழங்கால் வலி. ஏணி ஏற இயலாது. இருப்பினும் உபசாரத்துக்காக, "மேலே நான் படுக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ண்ணே, அது என் இடம்" என்றான். மேல் படுக்கை அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது.

முதல் இரவு நான் சரியாக உறங்கவில்லை. உட்புற அறையில் விளக்கை அணைத்தால் வரும் இருட்டு, நம் வீடுகளில் நாம் அறிந்த இருட்டு அல்ல. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. ஆனால் தம்பி குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தான். அந்த ஒளிக்கோடு நேராக என் முகத்தில் விழுந்தது. மறந்துவிட்டான் என்று எண்ணி எழுந்து அணைத்துவிட்டு வந்து படுத்தேன். சிறிது நேரத்தில் ஏணி கிரீச்சிட்டது. அவன் இறங்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், விளக்கை மீண்டும் போட்டு, கதவைப் பழையபடியே வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். வீம்பு என்று நினைத்தேன். சிறு வயதிலும் அவன் அப்படித்தான் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, நெடுநேரம் அந்தக் கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஜெபிக்க எழுந்தபோது வேறு இடமின்றிக் குளியலறைக்குள்ளே போய், மூடியின்மேல் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தேன். அந்த நிலையில் ஒரு போதகனைச் சபையார் யாரும் பார்க்காதது தேவனுடைய கிருபை.

மறுநாள் கடலைப் பார்த்தபடி மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது நோவாவின் நினைவு வந்தது. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். மிருகங்கள் எப்படி அடங்கின என்று கேட்காத பிள்ளை இல்லை. மனிதர்கள் எப்படி அடங்கினார்கள் என்று நான்கூடக் கேட்டதில்லை. அதில் இருந்தவர்கள் எட்டுப் பேர். சேமும் காமும் யாப்பேத்தும் சிறுபிள்ளைகள் அல்லர். மனைவிமாரோடு வந்த, வளர்ந்த ஆண்மக்கள். மழை பெய்தது 40 நாள். ஆனால் அவர்கள் உள்ளே போன நாளுக்கும் வெளியே வந்த நாளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கடந்தது என்பதை ஆதியாகமத்தின் நாட்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அறியலாம். தகப்பனும், மூன்று மகன்களும், நான்கு பெண்களும் ஓராண்டுக் காலம் அடைபட்டு வாழ்ந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள்? யார் குறட்டை விட்டார்கள்? யார் யாரோடு பேசாதிருந்தார்கள்? வேதம் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தண்ணீரின் உயரத்தை முழக்கணக்கில் கூறுகிற வேதம், அறைகளுக்குள் நடந்ததைச் சொல்லாமல் கடந்துபோகிறது.

அன்று பிற்பகல் பினாங்கில் இறங்கினோம். ஜார்ஜ் டவுனில் இருநூறு ஆண்டுகள் கடந்த புனித ஜார்ஜ் ஆலயத்தில் அம்மா சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில் சிறிது தூரம் நடந்தோம். தம்பி எங்கே போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று விசாரித்து வந்தான். வயதுக்கு மீறிய பதற்றம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாம் இரவு மணி எத்தனை என்று தெரியாது. ஏணியின் ஓசை கேட்டு விழித்தேன். குளியலறைக் கதவிடுக்கின் வெளிச்சத்தில் தம்பி அம்மாவின் கட்டிலருகே நின்றான். அம்மா ஏதோ மெல்லச் சொன்னார்கள். அவன் அதைவிட மெல்ல மறுமொழி சொன்னான். அம்மாவின் தோள்களைப் பிடித்து எழுப்பி, அந்த உயர்ந்த வாசற்படியருகே நின்று, "கால் எடுத்து வைங்கம்மா" என்றான். கதவு சாத்தியது. அவன் வெளியே, கதவுக்கு முதுகு காட்டி நின்றான். பின்பு நடந்தவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதுமை உடலுக்குச் செய்வது எதுவோ, அது. அவன் கைகள் விளக்கில்லாமலே எல்லாவற்றையும் அறிந்திருந்தன. எதை எங்கிருந்து எடுப்பது, எதை எங்கே மடித்து வைப்பது, எப்பொழுது முகத்தைத் திருப்பிக்கொள்வது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓரிரு இரவுகளில் வரும் பழக்கம் அல்ல அது. அறைப் பணியாளர் நாள்தோறும் அம்மாவின் கட்டிலடியில் மடித்த துணிகள் சில கூடுதலாக வைத்துச் சென்றதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. அவரிடம் தம்பி முதல் நாளே பேசியிருக்கிறான். வேறு தேசத்து இளைஞர் அவர். எங்கள் முன்னிலையில் ஒருமுறைகூட அதைக் குறித்து வாய் திறந்ததில்லை.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் அம்மாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடச் சொன்னார்கள்; எடுத்துவிட்டேன். மற்றது இருக்கட்டும் என்றார்கள்.

நான் அன்றிரவு எழுந்து உதவவில்லை. உறங்குவதுபோல் கிடந்தேன். அம்மாவின் மானத்தைக் காக்க அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பாதி உண்மை அது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்பது மற்றப் பாதி.

பேழையிலிருந்து இறங்கிய பின் நடந்த காரியம் ஒன்றை ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். நோவா திராட்சத்தோட்டம் நாட்டினான், குடித்தான், தன் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தான். காம் அதைக் கண்டு, வெளியே இருந்த சகோதரரிடம் போய்ச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்து போய், முகத்தைத் திருப்பியபடியே தகப்பனை மூடினார்கள். இறையியல் கல்லூரியில் இப்பகுதியைப் பல நாட்கள் ஆராய்ந்தோம். தவறு காமுடையதாயிருக்கக் கானான் சபிக்கப்பட்டது ஏன் என்பது தேர்வுக்குரிய கேள்வி. ஆப்பிரிக்க மக்களை அடிமைப்படுத்தியவர்கள் இந்தப் பகுதியை எவ்வளவு கொடூரமாகப் புரட்டிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் படித்தோம். பார்த்தது குற்றமா, வெளியே சொன்னது குற்றமா என்று உரையாசிரியர்கள் பலவாறு எழுதியதையெல்லாம் பத்துப் பக்கங்களில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

அந்தப் பத்துப் பக்கங்கள் கப்பலின் இருட்டில் எனக்கு உதவவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் தம்பி ஆறு ஆண்டுகளாக இரவுதோறும் வஸ்திரத்தோடு பின்னிட்டு நடந்துகொண்டிருக்கிறான். பந்தி முடிந்த இடத்தில், பத்துப் பேர் கேட்க, வெளியே போய்ச் சொன்னவன் நான். அதுவும் கண்டதையல்ல; காணாததை.

புக்கெட்டைக் குறித்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வெயில் கடுமையாக இருந்தது. அம்மாவும் தம்பியும் கப்பலிலேயே தங்கிவிட்டார்கள். அதற்கு மறுநாள் கரை தொடாமல் கடலிலேயே கழிந்தது. அக்கா அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பியைத் தேடிப் போனேன். திறந்த தளத்தில் காற்றுக்கு ஒதுங்கி நின்றான். பேச்சை எப்படித் தொடங்குவது என்று மாடிப்படி முழுதும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஞாயிறுதோறும் முந்நூறு பேருக்கு முன் பேசுகிறவனுக்கு ஒருவனிடம் பேச வார்த்தை வரவில்லை.

"எவ்வளவு நாளாக இப்படி?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்காமல், "நாலு வருசம் இருக்கும்ண்ணே" என்றான்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லக்கூடாதுன்னு அம்மா வாக்கு வாங்கிட்டாங்க. பெரியவன்கிட்ட சொன்னா பிரசங்கத்துக்கு நிப்பான், மனசு இங்கதான் நிக்கும்னாங்க."

பின்னர் அவனே சொன்னான். அவன் குடியிருப்பது இரண்டாம் மாடி, மின்தூக்கி கிடையாது. அம்மா படியிறங்கி வெளியே வந்து பல மாதங்கள் ஆகின்றன. கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்க்கவேண்டும். குளியலறையை அவர்களுக்கேற்ப மாற்றவேண்டும். பகலில் துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும். ஊர் வீட்டை விற்கலாம் என்று சொன்னது அதற்காக. இவ்வளவையும் அன்று அந்தத் திருமண வீட்டில் ஒரே வாக்கியத்தில் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். சொன்னால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். எழுந்து போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன் என்று சொல்லமுடியாது. காற்றின் இரைச்சலில் பாதி அவன் காதில் விழுந்திராது. அவன் தலையை அசைத்தான். "சாப்பிடப் போவோம்ண்ணே, அம்மாவுக்கு மாத்திரை நேரம்" என்றான். எல்லாம் அந்த நொடியில் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மூன்று ஆண்டுக் கசப்பு அவனுக்குள் இருக்கிறது; அதற்கு அவனுக்கு உரிமையும் இருக்கிறது. வீட்டைக் குறித்து இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவின் நாற்காலி கிடக்கிற அந்தத் திண்ணையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அடுத்த மாதம் சென்னைக்குப் போய், வாடகைக்கோ விலைக்கோ ஒரு கீழ்த்தள வீட்டை அவனோடு சேர்ந்து தேடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி இரவு, பெட்டிகளையெல்லாம் கட்டி வெளி நடைவழியில் வைத்தாயிற்று. அறை சற்றுப் பெரிதானதுபோல் தோன்றியது. குளியலறை விளக்கை நானே எரியவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன். தம்பி மேலிருந்து அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் முதலில் எழவேண்டும், அவன் ஓர் இரவாவது உறங்கட்டும் என்று தீர்மானித்து விழித்தே கிடந்தேன்.

அம்மா எழுந்து உட்காரும் ஓசை கேட்டது. நான் எழுந்து கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பற்றினார்கள். விரல்களைத் தடவிப் பார்த்தார்கள். அந்த அரையிருளில் எந்தப் பிள்ளையின் கை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியவனா? நீ படுய்யா. தம்பியக் கூப்பிடு."

"நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா."

"வேண்டாம்யா. அவனக் கூப்பிடு."

குரலில் கோபம் இல்லை. கெஞ்சுதல்தான் இருந்தது. நான் மேலும் வற்புறுத்தவில்லை. கையை உயர்த்தி, மேல் படுக்கையில் போர்வைக்கு வெளியே தெரிந்த தம்பியின் பாதத்தைத் தொட்டேன். உடனே விழித்துக்கொண்டான். ஏணி ஆடாதபடி இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கினான். இறங்கியதும், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.